விட்ட வரியை ஊர் நிரப்பும்

இது நடந்த ஆண்டைக் கேட்டால் சொல்பவருக்கே தடுமாற்றம்தான். கடல் அப்போது பழைய தூத்துக்குடியின் ரயில் நிலையத்தைத் தாண்டியிருந்ததா, அதன் வாசலில் நின்றிருந்ததா என்பது சரியாக நினைவில் இல்லை. இதில் வரும் பேச்சுகள் இதே சொற்களில்தான் பேசப்பட்டன என்று சத்தியம் செய்யவும் முடியாது. பிரகாசி வகுப்புக்குப் போனது உச்சிவெயில் நேரத்தில் என்பது மட்டும் நிச்சயம். அந்தக் காலத்தில் யாரும் எதையும் படித்தது அந்த நேரத்தில்தான்.

விடியுமுன் வேலைக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறியதும் தெரு காலியாகிவிடும். மாலை சாயும்வரை வெளியே நின்றால் உடம்பு தாங்காது. ஆகவே ஊரில் ஆங்காங்கே குளிர்கூடங்கள் இருந்தன. ஒன்றில் தூங்கலாம், ஒன்றில் சீட்டாடலாம், ஒன்றில் நிறைமொழி படிக்கலாம். பிரகாசி கடற்பாசிப் பண்ணையிலிருந்து நேராக மூன்றாவது கூடத்துக்கு வருவாள். கையைக் கழுவிக்கொண்டு வந்தாலும் பாசி வாடை போகாது. பக்கத்தில் உட்காருகிற வைகுண்டராசன் தினமும் அதைச் சொல்லிக் காட்டுவார். அவர் காற்றாலை இறக்கைகளைப் பழுதுபார்ப்பவர். பிசின் நாற்றம் அவரிடமும் இருந்தது. பிரகாசி திருப்பிச் சொன்னதில்லை.

வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வாழ்நிரல், அவருக்காகப் பதில் சொல்லும் கணினி நிரல், இருக்கவேண்டும் என்பது சட்டம். ஊர் வாயில் அதன் பெயர் பதிலாள். அலுவலகங்களில் ஆட்கள் குறைந்து, கேள்விகள் பெருகிவிட்ட காலம். உன் பங்குத் தண்ணீரை யாருக்கு மாற்றுவது, கடல் ஏறினால் எந்த மேட்டுக்குப் போவாய், இந்த மருந்தை ஏற்றலாமா என்று ஏதாவது ஒன்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கெடுவுக்குள் பதில் வராவிட்டால் உரிமை போய்விடும். ஆழ்கடலில் இருப்பவனும் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவளும் எப்படிப் பதில் சொல்வார்கள்? அவர்களுக்காகப் பதிலாள் பேசும், அவர்களுடைய குரலிலேயே. அது சொன்னது அவர்கள் சொன்னதுதான். பிறகு மறுக்க முடியாது.

பதிலாளை நிறைமொழியில் எழுதவேண்டும். உலகத்தில் உள்ள கூறுகள் எல்லாம் அந்த மொழியில் இருந்தன. ஒவ்வொரு ஊரும் தனக்கு வேண்டியதைக் கேட்டுச் சேர்த்துக்கொண்டது. சேர்த்ததை நீக்க யாருக்கும் துணிவில்லை. எங்கோ ஒருவருடைய பதிலாள் அந்தக் கூறை நம்பியிருக்கும். மனம்மாறல் என்று ஒரு கூறு இருந்தது, முன்பு சொன்னதைச் சொல்லாததாக்க. சாட்சி என்று ஒன்று, இன்னொருவர் தலையசைத்தால் மட்டும் செயல்பட. ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்ல எத்தனை வழிகள் என்று ஆசிரியை ஜெபக்கனிக்கே தெரியாது. "முழுசாத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. உங்களுக்கு வேண்டியத எடுத்துக்கிடுங்க," என்பாள். அவள் பிரகாசியைவிடப் பத்து வயதாவது இளையவள்.

எழுதியதை முத்திரையிடுமுன் எதிர்வாசிப்பு நடக்கவேண்டும். உறவில்லாத ஒருவர் அதை எடுத்து, வரி வரியாகச் சாதாரணத் தமிழில் உரக்கச் சொல்லவேண்டும். எழுதியவர் ஒவ்வொன்றுக்கும் "ஆமா" என்றோ "இல்ல" என்றோ சொல்லவேண்டும். ராசனுக்கு எதிர்வாசகி பிரகாசி. பிரகாசிக்கு ராசன்.

ராசன் மொழியின் கூறுகளைக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர் மாதிரி ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டார். தன் புறாக்களுக்கு இரை வைப்பது பற்றி அவர் எழுதியதைப் பிரகாசி மூச்சுப் பிடித்து வாசித்தாள். "மழை பெய்தாலொழிய, நின்ற பிறகும் மாடி ஈரமாயிருந்தாலொழிய, மகன் ஊரில் இருந்து, மருமகள் கோபத்தில் இல்லாத நாட்களில், கம்பு வைக்க."

"ஆமா," என்றார் ராசன் பெருமையாக.

"அண்ணாச்சி, உங்க மருமக கோவத்துல இருக்கான்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"தெரு பூராத் தெரியும் தங்கச்சி. மெஷினுக்குத் தெரியாமப் போவுமா?"

கூடம் சிரித்தது. ஜெபக்கனியும் சிரித்தாள். அந்த வரியைத் திருத்தச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

பிரகாசிக்குப் பதிலாள் தேவைப்பட்டதற்குக் காரணம் லீதியா. லீதியா அவளுடைய தங்கை, கல்யாணம் ஆகாதவள். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் தண்ணீரைச் சுவைத்துப் பார்க்கும் வேலை. கருவிகள் தவறவிடுகிற உப்பை அவள் நாக்கு பிடித்துவிடும். அம்மா இறந்ததிலிருந்து அக்காவோடு ஒரே வீட்டில் இருந்தாள். பிரகாசியின் கணவன் தொபியாஸ் ஆழ்கடல் நிலையத்தில் வேலை பார்த்தான். வருடத்துக்கு ஒருமுறை வந்து, விருந்தாளிபோல ஒரு மூலையில் துணியை மடித்து வைத்துக்கொண்டு இருந்துவிட்டுப் போவான். நல்லவன்தான். வீடு பிரகாசியின் பெயரில் இருந்தது. தனக்கு ஏதாவது ஆனால் லீதியா தெருவில் நிற்கக்கூடாது என்பது ஒன்றே பிரகாசியின் கவலை.

"பதிலாள் வந்தா உன்ன மாதிரியே கொறட்ட விடுமாக்கா?" என்று லீதியா ஒருநாள் கேட்டாள்.

"விடணும். இல்லாட்டி ஒனக்குத் தூக்கம் வராது."

"என்னப் பத்தி என்ன எழுதியிருக்க?"

"ஒன்னப் பத்தி எழுத என்ன கெடக்கு," என்றாள் பிரகாசி, குழம்பைக் கிண்டிக்கொண்டே. அவ்வளவு வெளிப்படையான விஷயம் என்ற பொருளில்தான் சொன்னாள். லீதியாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு.

உண்மையில் பிரகாசி முதலில் எழுதத்தான் செய்தாள். 'என் வீட்டார்: லீதியா' என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வாரம் ஜெபக்கனி உள்ளுறை என்ற கூறை நடத்தினாள். புதிதாகப் படிப்பவர்கள் மூச்சுத் திணறாமல் இருக்க அந்தக் கூறுதான் வழி. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தால் ஒரு பதிலாளை முடிக்க வாழ்நாள் போய்விடும். எழுதாமல் விட்ட இடத்தை மொழி தானே நிரப்பிக்கொள்ளும்.

"ஊருக்கே தெரிஞ்சத எழுதாதீங்க. ஊருக்குத் தெரிஞ்சது மொழிக்கும் தெரியும். நல்லா எழுதுறவங்க கொஞ்சமா எழுதுவாங்க," என்றாள் ஜெபக்கனி. சுருக்கமாக எழுதியவர்களைப் பாராட்டினாள்.

பிரகாசி தன் நிரலைத் திரும்பப் பார்த்தாள். தானும் லீதியாவும் ஒரு வீட்டார் என்பது தெருவில் யாருக்குத் தெரியாது? தண்ணீர் வண்டிக்காரன் முதல் கோயில் மணியடிப்பவர் வரை எல்லாருக்கும் தெரியும். அந்த வரியை அழித்தாள். இன்னும் சிலவற்றையும் அழித்தாள். நிரல் மெலிந்து அழகாக இருந்தது. ஜெபக்கனி பார்த்துவிட்டு, "அருமை அக்கா," என்றாள். படிப்பில் பிரகாசியை யாரும் அதுவரை பாராட்டியதில்லை.

எதிர்வாசிப்பு நாளில் ராசன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். மருந்து பற்றி, தண்ணீர்ப் பங்கு பற்றி, பண்ணையில் அவளுடைய பாத்தி பற்றி. ஒவ்வொன்றுக்கும் "ஆமா" என்றாள். வரிகளுக்கு நடுவே விட்ட இடங்களில் வாசிக்க ஒன்றும் இல்லை. ராசன் நிற்காமல் அடுத்த வரிக்குப் போனார். விட்ட இடங்களும் அவளுடைய ஆமாவுக்குள் சேர்ந்துகொண்டன. முத்திரை விழுந்தது.

அடுத்த மழைக்குப் பின் பண்ணையில் காய்ச்சல் பரவியது. பிரகாசி நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். லீதியா முதலில் தினமும் வந்து கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள் என்றும், பிறகு வரவில்லை என்றும் செவிலியர் சொன்னார்கள்.

கண் விழித்துத் தெம்பு வந்து பிரகாசி வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்தவன் கஸ்பார். தொபியாஸின் தம்பி. உள்ளே அவன் மனைவி நிர்மலி கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் பதறி எழுந்தார்கள்.

"மைனி, ஒக்காருங்க. தண்ணி குடிக்கியளா?"

"லீதியா எங்க?"

கஸ்பார் மனைவியைப் பார்த்தான். "நீங்கதான மைனி எங்கள வரச் சொன்னிய. வீட்டு ஆபீசுல கேட்டாவளாம், வீடு யார் பொறுப்புலன்னு. நீங்க அண்ணன் பேரச் சொன்னியளாம். அண்ணன் கடலுக்குள்ள இருக்கான், அதனால அடுத்து நான். நாங்க மேட்டுக் குடியிருப்புல நல்லாத்தான் இருந்தோம். நீங்க கூப்பிட்டதால வந்தோம்."

"லீதியா எங்கன்னு கேட்டேன்."

"பெண்கள் விடுதிக்குப் போயிட்டா. அதுவும் நீங்க சொல்லித்தான்," என்றாள் நிர்மலி மெதுவாக. "நான் அப்பம் இங்கதான் நின்னேன். செவுத்துல இருந்து உங்க கொரல் வந்திச்சு. 'லீதியா, விடுதியில எடம் சொல்லியாச்சு, சாமான எடுத்துக்கோ'ன்னு. பொறவு, 'சாப்பிட்டுட்டுப் போ'ன்னு."

பிரகாசி சுவரைப் பார்த்தாள். ஒலிபெருக்கி இருந்த இடத்தில் நிர்மலி குழந்தையின் சட்டையை உலரப் போட்டிருந்தாள்.

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா மைனி. ஒரு வார்த்த பேசல. தட்டக் கழுவி வச்சிட்டுப் போனா."

கஸ்பார் அன்று மாலையே தன் வீட்டுக்குத் திரும்புவதாகச் சொன்னான். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. பிரகாசி வெயில் தணியவில்லை என்றுகூடப் பாராமல் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனாள். நேராக வகுப்பின் நடுவே போய் நின்றாள்.

"நான் எழுதாதத அது எப்படிச் சொல்லிச்சு டீச்சர்?"

ஜெபக்கனி அவளுடைய நிரலைத் திரையில் விரித்தாள். உள்ளுறையைத் திறந்து காட்டச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. வகுப்பில் அதை அவள் நடத்தியதில்லை. இன்னும் மேலே போனவர்கள் படிப்பது அது. கட்டளையைக் கொடுத்ததும் மெலிந்திருந்த நிரல் வீங்கியது. பிரகாசி எழுதிய வரிகள் கறுப்பிலும் மொழி நிரப்பியவை சாம்பல் நிறத்திலும் தெரிந்தன. சாம்பல்தான் அதிகம்.

'என் வீட்டார்: கணவர். அவர் இல்லாதபோது அவர் பிறந்த வீட்டார். மற்றவர் விருந்தினர்.' அதற்குக் கீழே, 'விருந்தினரை உண்ணவைத்து அனுப்புக.'

ராசன் திரையைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இருந்தத வாசிச்சேன் தங்கச்சி. இது எனக்குக் காட்டல," என்றார்.

"எங்க ரெண்டு பேரத் தெருவுக்கே தெரியும்," என்றாள் பிரகாசி. "ஊருக்குத் தெரிஞ்சது மொழிக்கும் தெரியும்ன்னு நீங்கதான சொன்னிய."

"அப்படித்தான் எனக்கும் சொல்லிக்கொடுத்தாங்க," என்றாள் ஜெபக்கனி. "ஆனா அதுக்கு உங்களத் தெரியாதுக்கா. உங்க தெருவத் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது வழக்கம்தான். பெரும்பாலானவங்க இந்த எடத்துல என்ன வச்சிருக்காங்களோ, அத எடுத்து வைக்கும்."

"இத்தன பேரும் இப்படியா எழுதியிருக்காவ?"

அதையும் பார்க்க ஒரு வழி இருந்தது. ஜெபக்கனி தேடினாள். தேடத் தேட அவள் முகம் மாறியது. அந்த வரியைத் தன் கையால் எழுதியவர்கள் மொழி வந்த புதிதில் இருந்த ஒரு சிலர் மட்டுமே. எல்லாரும் கடலோடிகள், ஆண்கள், எப்போதோ இறந்துபோனவர்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த ஊர் முழுதும் அந்த இடத்தை விட்டிருந்தது. விட்ட இடத்தில் அந்தச் சிலருடைய சொல் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் அது விட்டவர்களுடைய சொல்லாகவும் எண்ணப்பட்டது. அடுத்து வந்தவருக்கு அது இன்னும் பெரிய வழக்கமாகத் தெரிந்தது.

"அப்பம் நான் விட்டதும்?"

"சேந்திருக்கும்க்கா. உங்களுக்குப் பின்னால விட்டவங்களுக்கு உங்க பேரும் அதுல ஒண்ணு."

பிரகாசி நின்றுகொண்டே இருந்தாள். யாராவது ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

விடுதி ஊரின் மேற்கே, கடலுக்குத் தூரத்தில் இருந்தது. மறுநாள் காலை வேலை முடிந்த நேரத்தில் பிரகாசி அங்கே போனாள். லீதியா மொட்டைமாடி நிழலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் எழுந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"மெலிஞ்சிட்ட."

"ம்."

இருவரும் உட்கார்ந்தார்கள். பிரகாசியும் ஒரு கைப்பிடி பட்டாணியை எடுத்துக்கொண்டாள். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்தது ஒன்றும் உதவவில்லை. உள்ளுறை பற்றிச் சொன்னாள். அழித்த வரியைச் சொன்னாள். ஏன் அழித்தாள் என்பதையும் சொன்னாள். லீதியா உரிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"நீ சொல்லியிருக்க மாட்டன்னு எனக்குத் தெரியும்க்கா. ரெண்டு நாள் கழிச்சு யோசிச்சுப் பாத்தப்பவே தெரிஞ்சிச்சு."

"பொறவு ஏன் ஆஸ்பத்திரிக்கு வரல?"

"வந்தேன். வாசல் வரைக்கும் வந்தேன். நீ முழிச்சுப் பேசிட்டியன்னா என்ன செய்யன்னு பயமாப் போச்சு."

கீழே தெருவில் தண்ணீர் வண்டி போனது.

"வீட்டுக்கு வா," என்றாள் பிரகாசி. "அந்த வரிய எழுதிட்டேன். இப்பம் கறுப்புல கெடக்கு. வேணும்ன்னா நீயே வந்து பாரு."

லீதியா தோலை ஒரு பக்கமாகத் தள்ளினாள். "எழுதிட்டன்னா சரிதான். ஆனா அன்னைக்குக் கேட்டது உன் கொரலு. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது சொல்லுவியே, சாப்பிட்டுட்டுப் போன்னு. அதே மாதிரி. கோவமா சொல்லியிருந்தாக்கூட நான் நம்பியிருக்க மாட்டேன். பாசமா இருந்திச்சு. எனக்கு அறிவுக்குத் தெரியும், நீ இல்லன்னு. காதுக்குத் தெரிய மாட்டேங்கு."

"தெரிஞ்சிரும். நாளாவட்டத்துல."

"இருக்கும். ஆனா அதுவரைக்கும் நீ ஒவ்வொரு தடவ சோத்துக்குக் கூப்பிடும்போதும் நான் ஒன் மூஞ்சியப் பாப்பேன். அது ஒனக்கு நல்லாருக்குமா?"

பட்டாணி தீர்ந்துவிட்டது. இருவரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். விடுதி அறையில் ஜன்னல் கிழக்கே பார்த்திருப்பதையும், பக்கத்து அறைப் பெண் தூக்கத்தில் பாடுவதையும் லீதியா பிறகு சொன்னாள். வெயில் உச்சிக்கு ஏறுமுன் அக்காவைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டாள். சாப்பிட்டுப் போ என்று சொல்லாமல் ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் எதிர்வாசிப்பு வேறு மாதிரி நடந்தது. இது ஜெபக்கனியின் யோசனை என்று சிலர் சொல்வார்கள். ராசன் தன்னுடையது என்பார். பிரகாசியுடையதாக இருக்கவும் வாய்ப்புண்டு. நிரலில் ஓர் இடம் விடப்பட்டிருந்தால் வாசிப்பவர் தாண்டிப் போகக்கூடாது. எழுதாததை உரக்க வாசிக்க விதியில் இடமில்லை என்பதால் அங்கே நிற்கவேண்டும். உள்ளே ஒளிந்திருக்கும் சாம்பல் வரிகளை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருக்கவேண்டும். சில நிரல்களில் அந்த மௌனம் கூடத்தில் இருந்தவர்கள் இருப்புக்கொள்ளாமல் நெளியும் அளவுக்கு நீண்டது. எழுதியவர் அதற்கும் ஆமா என்றோ இல்லை என்றோ சொல்லவேண்டும். நெடுநேர மௌனத்துக்கு ஆமா என்று சொல்லிவிட யாருக்கும் எளிதில் வாய் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்கள். முதல் கோடையில் ஒரு வகுப்பில்கூடப் பாடம் முடியவில்லை.

மேலிடத்திலிருந்து வந்து கேட்டார்கள், இந்தக் கூடத்தில் மட்டும் ஏன் தேர்ச்சி குறைவு என்று. ஜெபக்கனி காரணத்தைச் சொன்னாள். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அவளை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அங்கேயும் அவள் அப்படியே நடத்தினாள், இறுதிவரை பதவி உயர்வு இல்லாமல். ராசன் மௌனத்தை ஒருமுறைகூட முழுதாகக் காத்ததில்லை. இருமிவிடுவார். அவருக்குப் பின் புறாக்களை மருமகள் பார்த்துக்கொண்டாள், கோபத்தில் இருந்த நாட்களிலும். கஸ்பாரும் நிர்மலியும் மேட்டுக் குடியிருப்பிலேயே மூன்று பிள்ளைகளை வளர்த்தார்கள். தொபியாஸ் ஓய்வு பெற்றுக் கரைக்கு வந்து, அந்த வீட்டில் பழகக் கொஞ்ச காலம் ஆயிற்று. நிறைமொழியில் அந்த வழக்கம் மாறவில்லை. எழுதியவர்களைவிட விட்டவர்களே எப்போதும் அதிகமாக இருந்தார்கள்.

லீதியா விடுதியிலேயே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரகாசி அங்கே போவாள். திருவிழாவுக்கு லீதியா வீட்டுக்கு வருவாள், மாலையில் திரும்பிவிடுவாள். பிரகாசி தன் பதிலாளுக்குக் குரல் வேண்டாம் என்று எழுதிவைத்தாள். அவள் இறந்த வாரத்தில் அலுவலகத்துக்கு வேண்டிய பதில்கள் எல்லாம் எழுத்தில் போயின. தொபியாஸ் அதற்கு முன்பே இறந்திருந்தான்; பிரகாசி எழுதியபடி வீடு லீதியாவுக்கு வந்தது. அவள் அதை வாடகைக்கு விட்டாள்.